பழைய ரோசா பஸ்ஸைப் பயண வீடாக்கலாமா?

2024 பெப்ரவரி 11, ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

அண்ணை, முல்லைத்தீவில் பள்ளிக்கூடச் சேவைக்கு ஓடின ரோசா ஒன்று விலைக்கு நிற்கிறது. கதிரைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் குசினியும் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. உண்மையில் செய்யக்கூடிய வேலையா? எங்கே தொடங்குவது?

பெப்ரவரி 11, இரவு

செய்யலாம். நான் போன வருடம் ஆவணியிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். கிளிநொச்சியில் எங்கள் வெல்டிங் கடைக்குப் பின்னால் ஒரு ரோசா நிற்கிறது. பாதி பஸ், பாதி வீடு.

முதல் விஷயம்: இஞ்சின் சத்தத்தைக் கேட்டு விலை பேச வேண்டாம். ரோசாவில் வருகிற மிற்சுபிசி 4டி33 இஞ்சின், 4214 சிசி, எளிதில் சாகாது. செத்தாலும் வவுனியாவில் சாமான் எடுக்கலாம். உடம்புதான் பிரச்சினை. ஒரு சிறிய சுத்தியலோடு கீழே படுங்கள். சேசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், நீளப் பாட்டுக்கு ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு மணிபோலக் கேட்கும். கறள் தின்ற இடம் பழைய பலகையைத் தட்டினமாதிரி மந்தமாகக் கேட்கும். பின் சில்லு வளைவுக்கு உள்ளே, படிக்கட்டுக்குக் கீழே, பற்றறிப் பெட்டிக்கு அடியில் கட்டாயம் தட்டுங்கள். முல்லைத்தீவில் ஓடின வண்டி என்றால் இன்னும் கவனம். கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பிவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு தகரத்துக்கும் தங்க விலை சொல்லத் தொடங்கினார்கள். அவசரப்படாதீர்கள்.

பெப்ரவரி 12

நேற்று எழுத மறந்தது. தரைப் பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் ஒரு மூலையையாவது கிளப்பிப் பார்க்கக் கேளுங்கள்.

எங்கள் பஸ்ஸில் கடைசிக் கதிரை வரிசைக்குக் கீழே பிளைவூட்டைக் கிளப்பின அன்று நான் வேலையை நிறுத்திவிட்டு நெடுநேரம் குந்தியிருந்தேன். பலகைக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு விரல் தடிப்புக்குச் செம்மண், ஈரத்தில் கட்டியாகி இருந்தது. அதற்குள் பென்சில் துண்டுகள், இரண்டு ரூபாய்க் குற்றிகள், ஒரு வெள்ளைச் சப்பாத்து நாடா, பாதி உடைந்த மாணவத் தலைவர் சின்னம். எத்தனை வருடப் பிள்ளைகள். எல்லாவற்றையும் கழுவி ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். மண்ணை வழித்தபோது கீழே தகரம் இல்லை, நிலம் தெரிந்தது. மேலே பஸ் பளபளவென்று நின்றது. அந்த மண்தான் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்றிருக்கிறது. நான்கு அடி நீளத்துக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தேன்.

ரயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வயது போன ரயர் வன்னி வெயிலில் வெடிக்கும்.

பெப்ரவரி 25

மின்சாரம் பற்றிக் கேட்டீர்கள்.

ரோசா 24 வோல்ட் வண்டி. இரண்டு 12 வோல்ட் பற்றறி தொடராகப் போட்டிருக்கும். வீட்டுப் பகுதிக்குத் தனிப் பற்றறி வையுங்கள், ஸ்ராற்றர் பற்றறியைத் தொட வேண்டாம். நான் லித்தியம் அயன் பொஸ்பேற் வகையில் 24 வோல்ட், 100 அம்பியர் மணி ஒன்று எடுத்தேன். கிட்டத்தட்ட 2500 வாற்மணி.

என்னுடைய ஒரு நாள் கணக்கு: சிறிய பிரிட்ஜ் 500 வாற்மணி, இரண்டு ஃபான் இரவு முழுக்க 400, விளக்கும் போனும் 150. மொத்தம் 1050. கூரையில் இரண்டு 300 வாற் சோலர் தகடு. நல்ல வெயிலில் ஐந்து மணித்தியாலம் என்று வைத்து, சூட்டிலும் தூசியிலும் போகிறதைக் கழித்தாலும் 2000 கிடைக்கிறது. ஏசி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அந்த ஆசையை விடுங்கள்.

சின்ன எல்இடி விளக்குகள் 12 வோல்ட் என்றால், இரண்டு வண்டிப் பற்றறிகளில் ஒன்றிலிருந்து மட்டும் நேரே வயர் எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 3

மேலே கடைசிப் பந்தியில் எழுதியது பிழை. மாங்குளத்தில் ஓட்டோ எலக்ரிசியன் வேலை செய்யும் ஒருவர் வாசித்துவிட்டு எழுதியிருந்தார். அவர் சொன்னபடி காலையில் வண்டியை எடுக்கும் முன் இரண்டு பற்றறியையும் தனித்தனியே மீற்றரில் பார்த்தேன். ஒன்று 12.7. விளக்குக்கு வயர் எடுத்தது 12.2. ஆறே கிழமையில் இந்த வித்தியாசம். தொடரில் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் ஏறும். அதனால் இறங்கின பற்றறி நிரம்பாமலே கிடக்க, நிரம்பினது மேலும் மேலும் ஏற்றுப்பட்டுத் தண்ணி வற்றும். கடைசியில் இரண்டும் போகும். 24இலிருந்து 12க்கு இறக்குகிற கொன்வேட்டர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். நான் நேற்றுப் பூட்டிவிட்டேன். அந்தத் தம்பிக்கு நன்றி.

மார்ச் 30

சூடு. இந்தக் கிழமை மத்தியானம் பஸ்ஸுக்குள் நிற்க முடியவில்லை. கூரைத் தகரத்தில் கை வைக்க ஏலாது.

செய்தவை: உள்கூரையை முழுக்கக் கழற்றினேன். வளைவுக் கம்பிகளுக்கிடையில் ரெஜிபோம், அதுதான் சாமான் பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை நுரைப் பலகை, வைப்போம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அது தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகை ஆளைக் கொன்றுவிடும். தீயைத் தாங்குகிற பாறைக் கம்பளி எடுத்தேன், கொழும்பிலிருந்து வந்தது. அதற்குக் கீழே வெள்ளித் தாள் ஒட்டிய மெல்லிய விரிப்பு, அப்புறம் மெல்லிய பலகை. கூரைக்கு வெளியே வெள்ளைப் பெயின்ற். சோலர் தகடுகளைக் கூரையோடு ஒட்டாமல் நான்கு அங்குலம் தூக்கிப் பூட்டினேன். அந்த இடைவெளியில் காற்று ஓடும், தகடே கூரைக்குக் குடை பிடித்ததுபோல் நிற்கும். செய்த எல்லாவற்றிலும் கூடப் பலன் தந்தது இந்த நான்கு அங்குலம்தான். பனையோலை வீட்டுக்குள் ஏன் குளிர்கிறது என்று சின்ன வயதில் யோசித்ததில்லை. ஓலை அடுக்குகளுக்கிடையில் நிற்பதும் காற்றுத்தானே.

ஒரு இக்கட்டு: பாலை மர நிழலில் நிறுத்தினால் ஆளுக்குச் சுகம், தகட்டுக்குப் பட்டினி. ஒரு கொப்பின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடுகிறது. மத்தியானம் வரை வெயிலில் விட்டுவிட்டு அப்புறம் நிழலுக்கு நகர்த்துகிறேன்.

பின்பக்க அவசரக் கதவின் இறப்பர் செத்துப்போய் மழைத்தண்ணி உள்ளே வந்த அடையாளம் இருந்தது. கதவை மூடி வெல்டிங் வைத்து அடைத்துவிட்டேன். கட்டிலுக்கு நல்ல சுவர் கிடைத்தது. ஒழுக்குப் பிரச்சினையும் முடிந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஏப்ரல் 21

ஒருவர் கேட்டிருந்தார், வெள்ளைக்காரர் செய்கிற வேலை நமக்கெதற்கு என்று.

தட்டிவானை மறந்துவிட்டீர்களா? பழைய செவ்ரோலே, ஒஸ்ரின் வண்டிகளின் சேசியை வைத்துக்கொண்டு மேலே முழுக்கப் பலகையால் உடம்பு கட்டி, பின்னுக்குச் சங்கிலியில் ஒரு தட்டியைத் தொங்கவிட்டு, அதில் வாழைக்குலை, மீன் கூடை, ஆள், ஆடு எல்லாம் ஏற்றி ஓடினார்கள். கொடிகாமம் பக்கம் மிக அண்மைக்காலம் வரை ஓடியது. கட்டினவர்கள் ஊர்த் தச்சர்கள்தான். எந்தக் கம்பனியும் வரைபடம் கொடுக்கவில்லை. அப்புறம் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வண்டியை மண்ணெண்ணெயில் ஓட்டினது யார்? கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு ஓடின மோட்டார் சைக்கிள்களின் மணம் இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

எனக்கு மரவேலை சொல்லித் தருகிற ஐயா முன்பு தட்டிவானுக்குப் பலகை இழைத்தவர். எழுபது தாண்டிவிட்டது. அலுமாரிகளை நான் ஆணி அடித்து இறுக்கியிருந்ததைப் பார்த்தார். "தம்பி, இது சுவரில நிக்கிற அலுமாரி இல்ல, ஓடுற அலுமாரி" என்று எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். வண்டி ஓடும்போது உடம்பு முறுகும். இறுக்கி அடித்த மூட்டு ஒரு மாதத்தில் பிளக்கும். மூட்டுகளில் இறப்பர்த் துண்டு வைத்து, போல்ற் போட்டுக் கொஞ்சம் அசைய விட வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே அவரைத் தேடிப் போனது நல்லதென்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22

பாரம். 200 லீற்றர் தண்ணி என்றால் 200 கிலோ. அதைப் பின் அச்சுக்குப் பின்னால் வைத்தால் ஸ்ரேறிங் லேசாகிவிடும், திருப்பத்தில் வால் ஆடும். இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு தாழ்வாக வையுங்கள். தாங்கிக்குள் இரண்டு தடுப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் தண்ணி முன்னால் வந்து மோதும். தண்ணித் தாங்கி வலப்பக்கம் என்றால் குசினியும் பற்றறியும் இடப்பக்கம்.

காஸ் சிலிண்டர் 5 கிலோ போதும். காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில் போய்த் தேங்கும். ஆகவே சிலிண்டர்ப் பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை வேண்டும். மேலே யன்னலைத் திறந்து வைத்தால் போதாது.

மே 27

வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதன்முறையாக ஓட்டிப் போனோம். பரந்தனால் ஏறி ஏ35இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. வண்டி நன்றாக ஓடியது. கண்ணகை அம்மனைக் கும்பிட்டு, நந்திக்கடல் ஓரத்துக் காற்றில் சோறு சமைத்துச் சாப்பிட்டோம். ஆனால் இரவு ஒருவரும் பஸ்ஸுக்குள் படுக்கவில்லை. அம்மா பஸ்ஸுக்குள் படுக்க மாட்டேன் என்றார். கீழே பாய் விரித்து விடியும்வரை குந்தியிருந்தார். நாங்களும் கூட இருந்துவிட்டுத் திரும்பினோம்.

இதைப் பற்றி எழுதுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

நாங்கள் முழங்காவில். 2008இல் வெளிக்கிட்டோம். உழவு இயந்திரப் பெட்டியில் கட்டில், நெல்மூட்டை, தையல் மெசின், கோழி, மேலே தறப்பாள். அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாமான் குறைந்தது. வீட்டுக் கதவையும் நிலையையும்கூடக் கழற்றி ஏற்றிக்கொண்டுதான் வந்தோம். அதைக் கடைசியில் பதுங்குகுழிக்கு மேலே போட்டு மண் மூடினோம். சில்லு பூட்டின வீட்டில் பல மாதம் குடியிருந்த ஆட்கள் நாங்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று கடையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அதே றோட்டால், அதே மாதிரி சாமான் ஏற்றின ஒரு வண்டியில், நினைத்த இடத்தில் நிறுத்தி நினைத்த நேரத்தில் வெளிக்கிட வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. அம்மாவுக்கு அது வேறு விதமாகப்பட்டிருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 9

பத்திரங்கள் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. கதிரைகளைக் கழற்றினால் வாகனப் புத்தகத்தில் உள்ள கதிரை எண்ணிக்கையோடு வண்டி ஒத்துவராது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும், வாகனப் பரிசோதகர் பார்க்க வேண்டும். வெட்டத் தொடங்குமுன் கேளுங்கள். காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். ரோசா ஓட்ட சாதாரண கார் லைசன்ஸ் காணாது, டி1 வகுப்பு வேண்டும். ஓடும்போது ஆட்கள் இருக்கிற கதிரைகள் சேசியோடு போல்ற் போட்டதாகவும் பட்டி உள்ளதாகவும் இருக்கட்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு பயணம் போகவே கூடாது.

ஜூன் 10

இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு: கோயில் வீதி, தெரிந்தவர் காணி, வெளிச்சமுள்ள பெற்றோல் செட். குளக்கட்டு அழகுதான், ஆனால் ஒட்டுசுட்டான் பக்கம் யானை வரும். உப்பும் அரிசியும் மணத்தால் தகரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் முகமாலைப் பக்கம் சிவப்பு மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் ஒரு சில்லுக்கூட றோட்டை விட்டு இறங்கக்கூடாது.

ஓகஸ்ட் 18

மடுத் திருவிழாவுக்குப் போய்வந்தோம். நாங்கள் சைவக்காரர், ஆனாலும் மடு மாதா எல்லாருக்கும் பொது. 15ஆம் திகதித் திருவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே சனம் வந்து காட்டு மரங்களுக்குக் கீழே லொறி, உழவு இயந்திரம், வான் எல்லாவற்றையும் நிறுத்தித் தறப்பாள் கட்டிச் சமைத்துப் படுத்திருக்கும். பக்கத்தில் நின்ற குடும்பம் சிலாபத்திலிருந்து வந்தது. அவர்களுடைய லொறியில் மரக்கட்டில், ஊஞ்சல், அம்மி எல்லாம் இருந்தது. என்னுடைய அலுமாரிகளை அவர்கள் பார்க்க, அவர்களுடைய கட்டுமானத்தை நான் பார்க்க, ஒரு பின்னேரம் போனது.

முதல் நாள் இரவு அம்மா வழக்கம்போலக் கீழே. இரண்டாம் நாள் மழை தூறியது. உள்ளே வாருங்கள் என்று கெஞ்சினேன். ஏறி வந்து நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்த்தார். "முன்னுக்கு ஏதும் எண்டா எங்காலை இறங்கிறது?" என்று கேட்டார்.

எனக்கு உடனே அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. உழவு இயந்திரப் பெட்டியின் பின் பலகைக்கு ஒரு கொளுக்கி இருந்தது. இரவில் அதைப் பூட்ட அம்மா ஒருநாளும் விட்டதில்லை. பலகையைச் சாத்தி, கையை வைத்துப் பிடித்தபடிதான் படுப்பார். குழிக்கு இறங்குகிற வழி திறந்திருக்க வேண்டும்.

நான் அந்த வழியைத்தான் வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 25

மார்ச் 30 குறிப்பில் பின் கதவை அடைக்கச் சொன்னேன். அதைச் செய்யாதீர்கள். செய்தவர்கள் உடனே வெட்டுங்கள். அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வண்டியில் காஸ் அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் கட்டிலில் கிடக்கிற நான்கு பேருக்கும் வேறு வழி இல்லை. யன்னலால் பிள்ளை குதிக்கும், அறுபத்தெட்டு வயது மனுசி குதிக்க மாட்டார். இத்தனை மாதம் தீயைத் தாங்குகிற கம்பளி தேடி அலைந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நேற்றும் இன்றும் கிரைண்டரால் வெல்டிங்கை வெட்டினேன். பிணைச்சல் இரண்டும் புதிது. புது இறப்பர். கதவுக்கு மேலே வெளிப்புறமாக ஒன்றரை அங்குலத் தகரத் தாழ்வாரம் ஒன்று வளைத்து வைத்தேன், ஐயா சொன்ன யோசனை. தண்ணி இறப்பருக்கு வரும் முன்பே பக்கமாக வழிந்துவிடும். கட்டிலை நீளப்பாட்டுக்கு மாற்றினேன். குறுக்கே போட்டபோது உள்சுவருக்கு உள்சுவர் ஐந்தடி பத்து அங்குலம்தான் இருந்தது, எனக்கே கால் முட்டியது. இப்போது நடுவால் பின் கதவு வரை நடக்கலாம்.

தீயணைப்பான் இரண்டு, ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒன்று.

நவம்பர் 30

ஃபெங்கல் புயலாக மாறின தாழமுக்கம் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. கடைக்கு முன்னால் முழங்காலளவு வெள்ளம். பக்கத்து வளவுக் குடும்பத்தின் வீட்டுக்குள் தண்ணி ஏறியதால் பஸ்ஸை மேட்டு றோட்டுக்கு ஏற்றி அவர்களை இரண்டு இரவு அதற்குள் வைத்தோம். ஐந்து பேர், ஒரு கைக்குழந்தை. பிரிட்ஜை நிறுத்திவிட்டேன், மூன்று நாளும் வெயில் இல்லை. விளக்கும் போனும் பற்றறியில் சமாளித்தது.

ஒழுக்கு: பின் கதவில் ஒரு சொட்டும் இல்லை. சோலர் தகட்டின் கால் பூட்டின ஆணி ஓட்டை ஒன்றில் மட்டும் ஒழுகியது. சிலிக்கன் வைத்திருந்தேன், வெயிலில் விட்டுவிட்டது. இனிப் பொலியூரித்தேன் பசையும் இறப்பர் வாசரும்.

டிசம்பர் 22

கேள்வி கேட்ட தம்பி அந்த முல்லைத்தீவு ரோசாவை வாங்கவில்லையாம். பின் சில்லு வளைவில் சுத்தியல் உள்ளே போய்விட்டதாம். நல்லது. வவுனியாவில் ஒரு ரொயோட்டா கோஸ்ரர் பஸ் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை சுத்தியலோடு நானும் போகிறேன். அதுவும் 24 வோல்ட்தான், மார்ச் 3 குறிப்பை ஒருக்கால் வாசித்துவிட்டு வாருங்கள்.

போன கிழமை மன்னார் போய்வந்தோம். ஏ32 வழி, சங்குப்பிட்டிப் பக்கம் இல்லாமல் பூநகரியில் ஏறி முழங்காவில் ஊடாக. எங்கள் பழைய வளவுக்கு முன்னால் நிறுத்தித் தேத்தண்ணி வைத்தோம். கிணறு இருக்கிறது. அன்றிரவு திருக்கேதீச்சரத்தில் அம்மா பஸ்ஸுக்குள்ளேயே படுத்தார், தலையைப் பின் கதவுப் பக்கம் வைத்து, கதவைத் திறந்து விட்டு. நுளம்பு பிய்த்தெடுத்தது. ஒருவரும் கதவைச் சாத்தவில்லை. நாளைக்கு அந்தக் கதவுக்குக் காந்தம் வைத்த நுளம்பு வலை தைக்கிறேன். கதவு அகலம் இரண்டடி நாலு அங்குலம். வலை நடுவால் பிரிந்து கை வைத்ததும் திறக்கிற மாதிரி.